பெரியம்மாவின் குளிசையும் கல்கத்தா வேரும்: மனச்சோர்வைப் பற்றி எலிகள் சொன்னதும் சொல்லாததும்

2022 ஜூலை 20ஆம் திகதி நாடாளுமன்றத்தில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். நாடே அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த நாள். அதே நாளில்தான் இலண்டனிலுள்ள உளமருத்துவர் ஜோவன்னா மொன்கிரிஃபும் அவரது குழுவினரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றும் வெளியானது. மூளையில் செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது அதன் சாரம்.

இரண்டு நாள் கழித்து, மின்வெட்டுக்கு இடையில் வெள்ளவத்தையில் என் அறையில் இருந்தபடி அதை ஒரு சிறு செய்தியாக எழுதி அனுப்பினேன். முந்நூறு சொற்கள். தலைப்பு நான் வைத்ததுதான்: ‘மனச்சோர்வுக்கும் மூளை இரசாயனத்துக்கும் தொடர்பில்லை: புதிய ஆய்வு.’ நிறையப் பேர் பகிர்ந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மாவும் அதை வாசித்திருக்கிறார்.

பெரியப்பா இறந்த பிறகு, 2021இல் இருந்து அவர் செர்ட்ராலின் குளிசை எடுத்துவந்தார். நான் செய்தி எழுதிய காலத்தில் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. பார்மசி பார்மசியாக ஏறி இறங்க வேண்டும். பெற்றோல் இல்லை, முச்சக்கரவண்டிக்காரர் கேட்கும் காசு கட்டுப்படியாகாது. மூன்று வாரம் கழித்து நான் அவரைப் பார்க்கப் போனபோது ஜன்னல்கள் பூட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலுக்குப் போகிறவர், இரண்டு வெள்ளி போகவில்லை. தலைசுற்று, நித்திரையில்லை, காரணமில்லாமல் அழுகை. குளிசை எங்கே என்று கேட்டேன்.

“நிப்பாட்டிப்போட்டன் பிள்ளை. மூளையில ஒண்டும் குறையேல்லை எண்டு நீதானே எழுதினனி. தேவையில்லாத குளிசைக்கு ஏன் நான் லைனில நிக்க?”

என் பதில் என்ன என்று கேட்காதீர்கள். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றவளுக்கு/பெற்றவனுக்கு என்று பெருமையாகச் சொல்ல எதுவுமில்லாத ஒரு பின்னேரம் அது. அந்தக் கட்டுரையை நான் முழுதாக வாசித்திருக்கவில்லை. சுருக்கத்தை வாசித்துத் தலைப்பு வைத்திருந்தேன். அன்றைக்குச் செய்திருக்க வேண்டிய வேலையைப் பிற்பாடு செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேரில் தொடங்கிய கதை

பெரியம்மாவுக்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது: “மூளையில ஒரு இரசாயனம் குறைஞ்சிருக்கு, குளிசை அதைச் சரிப்படுத்தும்.” இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அது மேற்கிலிருந்து வந்த கதை மட்டுமல்ல என்பது தெரிகிறது. அதன் வேர் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. வேர் என்று சொல்வது உவமைக்காக அல்ல, உண்மையிலேயே ஒரு செடியின் வேர்.

சர்ப்பகந்தி என்ற செடியை ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சிங்களத்தில் ஏகவெரிய. புறக்கோட்டை காபோஸ் லேனில் மருந்துச்சரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் கேட்டேன். “பிரஷருக்கும் நித்திரைக்கும் உள்ள சாமான் தம்பி தங்கச்சிமார் சும்மா வந்து கேக்கிறதில்லை. வைத்தியர் எழுதித் தராமல் நான் குடுக்கவும் மாட்டன்” என்றார். அவர் கவனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வைத்தியர்கள், இந்த வேர் உயர் குருதி அழுத்தத்தையும் கடுமையான மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதைப் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

சில வருடங்களில் இன்னொன்று கவனிக்கப்பட்டது. குருதி அழுத்தத்துக்காக ரெசர்ப்பின் எடுத்தவர்களில் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். அதே காலத்தில், 1955, 56 வாக்கில், அமெரிக்காவில் பெர்னார்ட் புரோடியின் ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்கு ரெசர்ப்பின் ஏற்றிப் பார்த்தார்கள். முயல்கள் ஒடுங்கி, அசையாமல் உட்கார்ந்துவிட்டன. அவற்றின் உடலிலும் மூளையிலும் செரடோனின் சரிந்திருந்தது. செரடோனின் என்ற பொருளே குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். அது மூளையிலும் இருக்கிறது என்று பெற்றி ட்வாரொக் காட்டியது 1953இல். ஆக, புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பொருள், ஒடுங்கிப்போன ஒரு முயல், சோர்ந்துபோன சில மனிதர்கள். மூன்றையும் ஒரே கோட்டில் இணைப்பது இலகுவாக இருந்தது.

ஆனால் 1957இலேயே ஒரு முயல் அந்தக் கோட்டைக் குழப்பியது. சுவீடனில் ஆர்விட் கார்ல்சனும் சகாக்களும் ரெசர்ப்பினால் ஒடுங்கிய விலங்குகளுக்குச் செரடோனினின் முன்னோடிப் பொருளைக் கொடுத்தார்கள். அவை எழும்பவில்லை. டோபமினின் முன்னோடிப் பொருளைக் கொடுத்தார்கள். எழும்பி நடந்தன. கார்ல்சன் பின்னர் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதர்களில் ரெசர்ப்பின் மனச்சோர்வைத் தரும் என்ற பழைய அறிக்கைகளைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தவர்களும், அந்தத் தொடர்பு நினைத்த அளவுக்கு உறுதியானதல்ல என்றார்கள். அதாவது, ‘செரடோனின் குறைந்தால் மனச்சோர்வு’ என்ற வாய்ப்பாடு, அது பிறந்த சில வருடங்களிலேயே கேள்விக்கு உள்ளாகியிருந்தது. 2022இல் வந்தது முதல் கேள்வி அல்ல.

வாழைப்பழமும் வாசல் கதவும்

பெரியம்மா குளிசையை நிறுத்தியபோது அதற்குப் பதிலாக ஒன்றைத் தொடங்கியிருந்தார். வட்ஸ்அப்பில் வந்த தகவல்படி காலையில் இரண்டு வாழைப்பழம், இரவில் ஒரு தம்ளர் பால். ‘இவற்றில் டிரிப்டோபான் உண்டு, அது மூளையில் செரடோனினாக மாறி மகிழ்ச்சி தரும்.’ பாதி உண்மை. அதனால்தான் இந்தத் தகவல் சாகாமல் சுற்றுகிறது.

டிரிப்டோபான் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. 1901இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் ஹொப்கின்ஸும் சிட்னி கோலும் அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடலால் அதை உருவாக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். 1906இல் ஹொப்கின்ஸும் எடித் வில்கொக்கும் சுண்டெலிகளுக்குச் சோளத்திலுள்ள ஒரு புரதத்தை மட்டும் கொடுத்தார்கள். அதில் டிரிப்டோபான் இல்லை. அவை விரைவில் இறந்தன. டிரிப்டோபானைச் சேர்த்துக் கொடுத்த எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. இந்தக் கதையில் எலி வருவது அங்கேதான் தொடங்குகிறது.

மூளை தனக்குத் தேவையான செரடோனினை டிரிப்டோபானிலிருந்துதான் செய்துகொள்கிறது. வெளியே இருக்கும் செரடோனின் உள்ளே போகாது, குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. வாழைப்பழத்தில் செரடோனினே இருக்கிறது. ஆனால் அது மூளையின் வாசலைத் தாண்டாது. உடலிலுள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அதுவும் மூளைக்குள் வராது.

டிரிப்டோபான் போகும். ஆனால் அந்த வாசலில் நெரிசல். காலி வீதியில் காலை எட்டு மணி பஸ்ஸின் மிதிபலகையை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு பல பெரிய அமினோ அமிலங்களும் அதே கதவால்தான் ஏற வேண்டும். இறைச்சி, மீன், பால் போன்றவற்றில் டிரிப்டோபானை விட மற்றவை அதிகம். எனவே புரதம் கூடச் சாப்பிட்டால் டிரிப்டோபானும் கூட ஏறும் என்று சொல்ல முடியாது. 1971இல் ஃபேர்ன்ஸ்ட்ரோம், வேர்ட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு மாச்சத்து உணவு மட்டும் கொடுத்தபோது, அவற்றின் மூளையில் டிரிப்டோபானும் செரடோனினும் கூடின. மாச்சத்து இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. இன்சுலின் போட்டியாளர்களைத் தசைக்குள் அனுப்பிவிடுகிறது. கதவு டிரிப்டோபானுக்குக் கொஞ்சம் காலியாகிறது. ஆனால் அந்த மாச்சத்தோடு கொஞ்சம் புரதம் சேர்ந்தாலே அந்த விளைவு மங்கிவிடும். நாங்கள் யாரும் வெறும் சோற்றை மட்டும் சாப்பிடுவதில்லை. பருப்பு, மீன், முட்டை, பயறு என்று சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு டிரிப்டோபான் தட்டுப்பாடு வருவது அபூர்வம்.

மாத்திரையாக வாங்கிப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபான் துணைமாத்திரை எடுத்தவர்களிடையே கடும் தசை வலியோடு ஒரு நோய் பரவியது. 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். தயாரிப்பில் கலந்த மாசு அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது.

மற்றப் பாதை

இவ்வளவு நேரமும் டிரிப்டோபான் போகும் சிறிய ஒழுங்கையைப் பற்றித்தான் பேசினோம். பெரிய வீதி வேறு. புரதம் கட்டுவதற்குப் போக எஞ்சும் டிரிப்டோபானில் சுமார் 95 சதவீதம் கைனுரெனின் என்ற பொருளாக மாறும் பாதையில் போகிறது. செரடோனினாக மாறுவது ஒன்றிரண்டு சதவீதம்தான். சாதாரண நாட்களில் கைனுரெனின் பாதையின் பெரும்பகுதி வேலை ஈரலில் நடக்கிறது.

1968இல் கேர்சனும் கிறீனும் இலண்டனில் எலிகளுக்கு மன உளைச்சலின்போது சுரக்கும் வகை ஹோர்மோனை ஏற்றினார்கள். ஈரலின் நொதியம் தீவிரமாக வேலை செய்தது, மூளையில் செரடோனின் குறைந்தது. அந்த நொதியத்தைத் தடுத்தபோது அப்படிக் குறையவில்லை. அடுத்த வருடம் லெனின்கிராட்டில் லாப்பினும் ஒக்சன்கிரக்கும் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள்: உளைச்சல் நீடித்தால் டிரிப்டோபான் ஒழுங்கையை விட்டுப் பெரிய வீதிக்குத் திருப்பப்படுகிறது.

பிறகு இதில் இன்னொரு கதவு இருப்பது தெரியவந்தது. தொற்று, அழற்சி ஏற்படும்போது நோயெதிர்ப்புத் தொகுதி வேறொரு நொதியத்தை எழுப்பி, ஈரலுக்கு வெளியேயும் டிரிப்டோபானைக் கைனுரெனினாக மாற்றுகிறது. இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2009இல் அமெரிக்காவில் ஒக்கொனர், டான்ட்சர் ஆகியோரின் குழு சுண்டெலிகளில் செய்த சோதனை. பக்ரீரியாவின் வெளிச்சுவர்ப் பொருளை ஏற்றினால் சுண்டெலிக்கு ஒரு நாள் காய்ச்சல் போல இருக்கும். அது தணிந்த பிறகும் அது சோர்ந்தே இருந்தது. அந்த நொதியத்தைத் தடுத்தால் சோர்வு வரவில்லை. நோயே இல்லாத சுண்டெலிக்குக் கைனுரெனினை மட்டும் கொடுத்தால் சோர்வு வந்தது. இவ்வளவு நடந்தும் மூளையில் செரடோனினின் புழக்கம் குறைந்திருக்கவில்லை, கூடித்தான் இருந்தது.

அப்படியானால் சோர்வு எங்கிருந்து வந்தது? கைனுரெனின் மூளைக்குள் போகக்கூடியது. அங்கே அது இரண்டு விதமாக மாறலாம். ஒன்று குவினோலினிக் அமிலம்: நரம்புக் கலங்களை அளவுக்கு மீறித் தூண்டி நசுக்கக்கூடியது. மற்றது கைனுரெனிக் அமிலம்: அதே இடத்தில் தூண்டலைத் தடுப்பது. இரண்டுக்கும் இடையிலான சமநிலை கெடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வுகளின் ஒரு முக்கிய கோணம்.

இது எலிக் கதை மட்டுமல்ல. ஈரலழற்சி சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரோன் ஊசி கொடுத்தார்கள். அது நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து. அதை எடுத்தவர்களில் கணிசமானோருக்குச் சிகிச்சையின் நடுவில் மனச்சோர்வு வந்தது. அவர்களின் குருதியில் டிரிப்டோபான் குறைந்து கைனுரெனின் கூடியிருந்தது.

எலிக்குச் சோகம் என்று யார் சொன்னது?

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சுண்டெலி ‘சோர்ந்தது’ என்று எப்படி அளந்தார்கள்?

பெரும்பாலும் நீரில் விட்டு. 1977இல் ரொஜர் போர்சோல்ட் அறிமுகப்படுத்திய முறை இது. ஏற முடியாத கண்ணாடி உருளையில் பாதிக்கு மேல் நீர். எலி முதலில் நீந்தும், சுவரைப் பிறாண்டும், பிறகு மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். மனச்சோர்வு மருந்து கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்தியது. ஆகவே மிதப்பது நம்பிக்கை இழப்பு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. வாலில் தொங்கவிடுவது, சீனித்தண்ணீரில் ஆசை குறைகிறதா என்று பார்ப்பது, வாரக்கணக்கில் சிறு சிறு தொந்தரவு கொடுப்பது என்று வேறு முறைகளும் உண்டு.

மிதப்பது தோல்வியா, அல்லது வெளியேற வழியில்லை என்று புரிந்துகொண்டு சக்தியைச் சேமிக்கும் புத்தியா? ஆய்வாளர்களிடையே இன்றும் இது விவாதம். விலங்குக்கு இவ்வளவு வதை கொடுத்துப் பெறும் பதில் இவ்வளவு மங்கலானதா என்ற அறக்கேள்வியும் உண்டு. இன்னொன்று: செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மனிதர் எடுத்தால் பலன் தெரியச் சில வாரமாகும். நீச்சல் சோதனையில் மருந்துகள் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை செய்கின்றன. இரண்டும் ஒரே விடயத்தை அளக்கவில்லை என்பதற்கு இதுவே ஒரு சைகை.

2003இல் மூளையில் செரடோனின் செய்யும் நொதியத்துக்கான தனி மரபணுவைக் கண்டுபிடித்த பின், அது இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். மூளையில் செரடோனின் கிட்டத்தட்டப் பூச்சியம். அவை மூலையில் சுருண்டு கிடக்கவில்லை. வளர்ச்சி குன்றின, அதிகம் சண்டை பிடித்தன. எலிக்குப் பெரியப்பா இறக்கவில்லை. எலி தன் வாழ்வு வீண் என்று நினைப்பதாக நமக்குச் சொல்லாது. எலி காட்டுவது ஒரு பாகத்தை: உளைச்சலுக்கும் அழற்சிக்கும் உடல் எப்படி மாறுகிறது என்பதை. அதை மனச்சோர்வு முழுவதும் என்று எழுதுவது என்னைப் போன்றவர்களின் பிழை.

நான் எழுதாமல் விட்ட வரிகள்

அந்த 2022 கட்டுரையை முழுதாக வாசித்தபோது, என் தலைப்பு எங்கே தவறியது என்று தெரிந்தது. அவர்கள் சோதித்தது ஒரு குறிப்பான கூற்றை: மனச்சோர்வுள்ளவர்களுக்குச் செரடோனின் குறைவு அல்லது செயல்பாட்டுக் குறைவு உண்டா? தொடர்ந்து ஒரே மாதிரியான சான்று இல்லை என்றார்கள். அந்த முடிவையே ஏற்காத ஆய்வாளர்களும் பிறகு மறுப்பு எழுதினார்கள். ‘மூளை இரசாயனத்துக்குத் தொடர்பில்லை’ என்பது நான் எழுதியது. அழற்சி, கைனுரெனின், உளைச்சல் ஹோர்மோன் எல்லாம் இரசாயனம்தான். அந்த மருந்துகள் பலன் தருமா இல்லையா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. அது வேறு வகை ஆய்வுகள் பார்க்க வேண்டிய கேள்வி. மாத்திரையால் தலைவலி போனால், உடம்பில் மாத்திரை குறைந்ததால் தலைவலி வந்தது என்று அர்த்தமில்லை. அதேபோல், காரணம் குறைபாடு அல்ல என்றால் மருந்து பலனற்றது என்றும் அர்த்தமில்லை.

1990இல் டெல்காடோவும் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. மருந்தால் தேறியவர்களுக்கு டிரிப்டோபான் இல்லாத பானம் கொடுத்து, சில மணி நேரத்துக்கு மூளையின் வரத்தைக் குறைத்தார்கள். பலருக்குச் சோர்வு தற்காலிகமாகத் திரும்பியது. பழைய மனச்சோர்வு இல்லாத ஆட்களுக்கு இதேபோலச் செய்தபோது பொதுவாகப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆக, ஒரே குறைவு எல்லோரையும் ஒரே மாதிரி வீழ்த்துவதில்லை. ஆனால் ஏற்கெனவே விழுந்து எழும்பிய ஒருவரின் காலடியில் இருந்து அதைத் திடீரென்று இழுப்பது வேறு.

நான் பெரியம்மாவுக்குச் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

மரைன் டிரைவில் மாலை ஐந்தரை

அவரைத் திரும்ப கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வைத்தியர் கோபப்படவில்லை. குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். நிறுத்துவதென்றால் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம் என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஜன்னல்கள் திறந்தன. குளிசையா, உளவளத்துணையாளரோடு பேசியதா, நான் ஒவ்வொரு ஞாயிறும் போனதா, எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வைத்தியர் நடக்கவும் சொன்னார். அதற்கும் ஒரு சுண்டெலிக் கதை உண்டு. 2014இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில், உடற்பயிற்சி செய்த தசையைப் போல மாற்றப்பட்ட தசையுள்ள சுண்டெலிகளுக்கு ஐந்து வாரம் தொந்தரவு கொடுத்தார்கள். அவை மற்றவை போலச் சோரவில்லை. பயிற்சி பெற்ற தசை கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. குருதியில் இருக்கும் அந்த அமிலம் மூளைக்குள் இலகுவில் போகாது. தசை ஒரு வடிகட்டி போல வேலை செய்கிறது. பயிற்சி செய்த மனிதர்களின் தசையிலும் அதற்கான நொதியங்கள் கூடுவதைக் கண்டார்கள். இதை வைத்து ‘நடந்தால் மனச்சோர்வு போகும்’ என்று தலைப்பு வைக்க மாட்டேன். ஒரு முறை பட்டது போதும்.

இப்போது பெரியம்மா மாதத்தில் ஒரு கிழமை என்னோடு வெள்ளவத்தையில் தங்குவார். பின்னேரம் மரைன் டிரைவில், ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மெதுவாக நடப்போம். போன கிழமை இந்தக் கட்டுரை எழுதுவதைச் சொன்னேன். எலி, முயல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப எனக்கு என்ன குறைஞ்சது எண்டு கடைசியா கண்டுபிடிச்சிட்டாங்களோ?” என்றார்.

இல்லை பெரியம்மா என்றேன்.

“பரவாயில்லை. நீ இந்த முறை அதை அப்படியே எழுது.”

எழுதிவிட்டேன். இன்னும் ஒன்றுதான். கொழும்பில் ‘அங்கொடை’ என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாகப் பாவிக்கிறோம். அந்தப் பயத்தில் பலர் பார்மசி வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இப்படியான குளிசை எடுப்பவராக இருந்தால், என்னுடையது உட்பட எந்தச் செய்தியை வாசித்தும் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதித் தந்த வைத்தியரிடம் கேளுங்கள். பேச யாருமில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.